ஆவடி முகாமும் அஞ்சலையின் மகனும்

செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றி மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பதிவு எழுதியிருந்தேன். பறவைகள், மாலை வெளிச்சம், நல்ல டீ கிடைக்கும் கடை என்று போகும் அந்தப் பதிவு. அதைப் படித்துவிட்டு மலேசியாவின் தைப்பிங் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். "அந்த ஏரிக்குக் கீழ உள்ள ஊருங்களுக்குள்ள போயிருக்கீங்களா தங்கச்சி? எங்க அப்பா அங்கதான் பொறந்தாரு" என்று கேட்டிருந்தார். நான் போனதில்லை. ஏரியைப் பார்க்கப் போகிற எங்களைப் போன்றவர்கள் யாரும் ஊருக்குள் போவதில்லை.

அவர் பெயர் பரமேஸ்வரி. அறுபத்துநான்கு வயது. அரசு மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். பத்தடிக்குப் பத்தடி அறைகள் வரிசையாக நிற்குமே, அந்த லயம்தான். அவருடைய அப்பா மாரி ஏழு வயதில் தாய் தகப்பனோடு இங்கிருந்து கப்பலேறிப் போனவர். கிளம்பும்போது அவர்கள் நான்கு பேர். போய்ச் சேர்ந்தது மூன்று பேர். மாரியின் அக்கா அஞ்சலைக்கு அப்போது பத்து வயது. ஆவடியில் இருந்த முகாமில் வைத்தியர் பார்த்துவிட்டு அவளை மட்டும் நிறுத்திவிட்டார். அடுத்த கப்பலில் அனுப்பி வைப்போம் என்று சொன்னார்களாம். அனுப்பவே இல்லை.

"அப்பா சாகற வரைக்கும் அக்கா அக்கான்னு பேசிட்டே இருந்தாரு. எனக்கு வேலை, புள்ளைங்க, ஒண்ணு மாத்தி ஒண்ணு. இப்ப ரிட்டயர் ஆயிட்டேன். அவங்க உயிரோட இருக்க மாட்டாங்கன்னு தெரியும். வாரிசு யாராச்சும் இருப்பாங்கல்ல?" என்று தொலைபேசியில் கேட்டார். இந்தப் பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று முடிவு செய்தோம். அவர் அம்பத்தூரில் என் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொண்டார்.

காலை எட்டு மணி வாக்கில் அம்பத்தூர் ரயில் நிலையத்தில் சந்தித்தோம். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி "பசியாறிட்டீங்களா?" என்பது. மலேசியத் தமிழர்கள் காலை உணவை அப்படித்தான் சொல்கிறார்கள். நடைமேடையிலேயே ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டோம். ஆவடிக்கு மின்ரயிலில் ஐந்து ரூபாய்தான் கட்டணம். நடுவில் திருமுல்லைவாயில், அன்னனூர் என்று இரண்டே நிலையங்கள். ஞாயிறு என்பதால் உட்கார இடம் கிடைத்தது. பரமேஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இதே தண்டவாளத்தில்தான் அவர்களையும் கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

ஆவடி என்றால் நமக்கு ராணுவத் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும்தான் நினைவுக்கு வரும். அதற்கெல்லாம் முன்னால் மலாயாவுக்குக் கூலிகளை அனுப்பும் முகாம் ஒன்று இங்கே இருந்தது. நாகப்பட்டினத்தில் இன்னொன்று. கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து வருவார்கள். முகாமில் அவர்களைக் குளிக்க வைத்து, ஊசி போட்டு, கண்ணையும் கையையும் புரட்டிப் பார்த்து, தேறியவர்களை மட்டும் கப்பலுக்கு அனுப்புவார்கள். மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்க்கிற மாதிரி என்று பரமேஸ்வரியின் அப்பா சொல்வாராம்.

நிலையத்துக்கு வெளியே ஆட்டோ ஓட்டுநர் ஜாபரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஐம்பது வயது இருக்கும். பூந்தமல்லிக்காரர். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னாக்கா சொல்றே? ஆவடில கடலே இல்லியே, கப்பலுக்கு ஆள் ஏத்துற கேம்ப்பு எப்புடி கீது?"

கடலோரத்தில் வைத்தால் ஓடிவிடுவார்கள், நோய் பரவும் என்று ஊருக்கு வெளியே வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஜாபர் இரண்டு பெரியவர்களிடமும் ஒரு டீக்கடையிலும் விசாரித்தார். எவருக்கும் தெரியவில்லை. மிலிட்டரி வேலிக்கு உள்ளே இருந்திருக்கலாம் என்றார் ஒருவர். இன்னொருவர் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று அடித்துச் சொன்னார். கடைசியில் ஒரு நீண்ட மதில் ஓரமாக வண்டியை நிறுத்தினோம். மேலே முள்கம்பி. படம் எடுக்கக் கூடாது என்று பலகை. இந்த இடம்தானா என்று சொல்ல ஒரு கல்கூட இல்லை. பரமேஸ்வரி இறங்கி மதிலைப் பார்த்து நின்றார்.

"தோட்டத்துல துரை நாய் செத்ததுக்குக்கூட கல்லு வெச்சிருந்தான் தங்கச்சி. பேர் போட்டு" என்றார். பிறகு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நாள் முழுவதும் கூட வர ஜாபர் ஆயிரத்து இருநூறு ரூபாய் கேட்டார். நியாயமான தொகைதான், பேரம் பேசவில்லை. ஆவடியிலிருந்து பூந்தமல்லி பத்து கிலோமீட்டர் சொச்சம். பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போது காற்று நன்றாக இருந்தது. பூந்தமல்லியில் மெட்ரோ வேலைகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஜாபர் தன் தெரு வழியாகவே வண்டியை விட்டு, வீட்டு வாசலில் நிறுத்தித் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக் கொடுத்தார். அங்கிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே ஏழெட்டு கிலோமீட்டர் போனால் செம்பரம்பாக்கம். இருபுறமும் தகரக் கூரை போட்ட பிரம்மாண்டமான கிடங்குகள், இடையிடையே வண்ணக் கொடிகள் நட்ட மனைகள்.

போகிற வழியில் பரமேஸ்வரியிடம், உங்கள் தாத்தா ஏன் கிளம்பினார் என்று கேட்டேன்.

"பண்ணையில இருக்க முடியலன்னு மட்டும்தான் அப்பா சொல்வாரு. வேற எதும் சொல்ல மாட்டாரு. நம்ம ஆளுங்க யாருன்னு கேட்டா, கப்பல்ல எல்லாரும் ஒரே தட்டுலதான் சாப்பிட்டோம், போ அப்பால அப்படிம்பாரு."

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். செங்கல்பட்டுச் சீமையில் நிலம் சிலர் கையில் இருந்தது. அதில் உழைத்தவர்கள் அந்த நிலத்தோடு கட்டப்பட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் வந்ததும் இதை உடைக்கவில்லை. வரி ஒழுங்காக வந்தால் போதும் என்று நிலக்காரர்கள் பக்கமே நின்றான். சட்டப் புத்தகத்தில் அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் வயலில் ஒழியவில்லை. பிறகு அவனுக்கு மலாயாவில் காட்டை அழிக்க ஆள் தேவைப்பட்டது. உலகமெல்லாம் மோட்டார் ஓட ரப்பர் வேண்டும். இங்கே மூச்சு முட்டிக்கொண்டிருந்தவர்களிடமே வந்து, கப்பல் ஏறு, விடுதலை என்றான். மூச்சு முட்ட வைத்தவனும் கதவைத் திறந்தவனும் ஒருவனே. நம் பள்ளிப் பாடத்தில் தண்டவாளமும் தபாலும் வருகின்றன, இது வருவதில்லை.

ஏரிக்குக் கீழே நாங்கள் போன ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் வரும். அப்பா சொன்ன பெயர் வாயில் தேய்ந்திருந்ததால் இரண்டு தவறான ஊர்களுக்குள் போய்த் திரும்பினோம். மூன்றாவது ஊரின் முனையில் ஒரு பெட்டிக்கடை. கடைக்காரர் எழுபது வயதுக்காரர், வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. மலேசியாவிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று ஜாபர் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"மலேசியாவா! வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க. உக்காருங்க." உள்ளிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். மனைவியைக் கூப்பிட்டுக் குளிர்பானம் கொண்டுவரச் சொன்னார். "யாரு ஊட்டுக்கு வந்திருக்கீங்க?"

"எங்க அப்பா பொறந்த ஊரு ஐயா இது. அவரு அக்கா இங்கயே தங்கிட்டாங்க. அஞ்சலைன்னு பேரு."

"அஞ்சலை..." அவர் யோசித்தார். "ஊரா, காலனியாம்மா?"

பரமேஸ்வரிக்குக் கேள்வி புரியவில்லை. மலேசியாவைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார். "காலனிதான் ஐயா. வெள்ளக்காரன் காலனியாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் எங்களுக்குச் சுதந்திரம்..."

அவர் முதல் சொல்லுக்கு மேல் கேட்கவில்லை. குளிர்பானத்தோடு வந்த மனைவியைப் பார்த்து, "வெச்சிடு" என்றார். அந்த அம்மாள் அப்படியே உள்ளே திரும்பிப் போனார்.

"காலனின்னா இங்க வந்து இன்னா பண்றே? ரோட்டுக்கு அந்தாண்ட போ. மலாயாக்காரி புள்ள ஏழுமலைன்னு கேளு, சொல்லுவாங்க."

வாங்கம்மாவில் தொடங்கியது, போ என்று முடிந்துவிட்டது. இடையில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பரமேஸ்வரி மெதுவாக நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் தலைமைத் தாதியாக இருந்தவர். அவர் எழுந்தால் மற்றவர்களும் எழுந்து நிற்கிற வார்டுகளில் வேலை பார்த்தவர். ஆட்டோவில் ஏறிய பிறகு என்னைப் பார்த்தார்.

"காலனின்னா இங்க என்னா அர்த்தம்?"

நான் பதில் சொல்வதற்குள் ஜாபர் முன்னால் பார்த்தபடியே சொன்னார். "சேரிம்மா. சேரின்னு சொல்லக் கூடாதுன்னு காலனின்னு மாத்துனாங்க. அப்பால அதுவும் அதே மாதிரி ஆயிடுச்சு."

தன் சாதி என்னவென்று அப்பா கடைசிவரை சொல்லாததை, அறுபத்துநான்கு வயதில், ஒரு பெட்டிக்கடைக்காரர் வினைச்சொல்லை மாற்றியதில் இருந்து அவர் தெரிந்துகொண்டார். "எங்க தோட்டத்துலயும் கோடி லயம்னு ஒண்ணு இருந்துச்சு. நாங்க அதுலதான் இருந்தோம். ஏன்னு கேட்டா, தண்ணிக் கொழாய் கிட்டன்னு அப்பா சொல்வாரு" என்றார்.

சாலைக்கு மறுபுறம் ஊர்ப்பலகையில் கடைசிச் சொல்லின் மேல் மட்டும் புது நீலப் பெயிண்ட் அடித்திருந்தது. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது நினைவிருக்கலாம். பெயிண்டுக்கு அடியில் எழுத்து புடைத்துக்கொண்டு தெரிந்தது. கை வைத்தால் படித்துவிடலாம்.

ஏழுமலையின் வீடு இரண்டாவது தெருவில், சிமெண்ட் பூசிய சின்ன வீடு. அவருக்கு அறுபத்தாறு வயது. லாரியில் கிளீனராகத் தொடங்கி ஓட்டுநராகி, முதுகு போனதும் நிறுத்திவிட்டவர். பரமேஸ்வரி தான் யாரென்று சொன்னார். மாரியின் மகள், அஞ்சலையின் தம்பி மகள். நான் ஓர் ஆரத்தழுவலை எதிர்பார்த்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். படம் எடுக்க போனைக்கூடக் கையில் வைத்திருந்தேன்.

அவர் கட்டிலில் இருந்து எழுந்திருக்கவில்லை. "இப்போ எதுக்கு வந்தே?" என்று கேட்டார்.

அவருடைய மகள் நித்யா உள்ளிருந்து ஓடிவந்து, "அப்பா, இன்னாது இது? வாங்க சின்னம்மா, உக்காருங்க" என்று பாய் விரித்தாள். முப்பது வயதிருக்கும், கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. டீ போட உள்ளே போனாள்.

"பாக்கணும்னுதான் வந்தேன்" என்றார் பரமேஸ்வரி.

"எங்கம்மா செத்து முப்பது வருசம் ஆவுது. அதுக்கு முன்ன வந்திருக்கணும். கப்பல்னு யாராச்சும் சொன்னா காறித் துப்பும். ஆம்பளப் புள்ளய இட்டுகினு போயிட்டாங்க, பொட்டப் புள்ளய உட்டுட்டாங்கன்னு சொல்லிகினே செத்துப்போச்சு."

"விட்டுட்டுப் போகல. டாக்டர் விடல. காய்ச்சல்னு நிறுத்திட்டாங்க. அடுத்த கப்பல்ல..."

"காய்ச்சலா? யாரு சொன்னது? கண்ணுல நோவு. கண்ணு ரெப்பய திருப்பிப் பாத்துட்டு, தள்ளி நில்லுன்ட்டான். கங்காணி மறுபடி இட்டாந்து பண்ணை ஊட்லயே உட்டான். ஓடிப்போனவங்க வேலைய இவ பாக்கட்டும்னு. பத்து வயசுப் பொண்ணு. பத்து வயசுல இருந்து சாணி வாரி, மாட்டுக் கொட்டாயிலயே தூங்கி. எங்கப்பா கட்டிகினப்பதான் அந்த எடத்த உட்டு வெளிய வந்துச்சு."

பரமேஸ்வரி பாயின் ஓரத்தை நீவினார். பிறகு ஒரு தாதியின் குரலில், யாருக்கும் இல்லாமல் சொன்னார். "சாதாரணக் கண்வலியா இருந்தா தானாவே சரியாப் போயிருக்கும்."

நித்யா டீ கொண்டுவந்தாள். யாரும் தொடவில்லை. பரமேஸ்வரி தன் பக்கத்துக் கதையைச் சொல்லத் தொடங்கினார். தாத்தா ஒவ்வொரு கப்பல் வரும்போதும் அனுமதி கேட்டு ரயிலடிக்குப் போய் நிற்பாராம். அனுமதி கிடைக்காத நாளில் சொல்லாமல் போய் நின்று, திரும்பியதும் தோட்டத்தில் வேலை வாங்கும் தண்டலிடம் அடி வாங்குவாராம். பிறகு கப்பலே நின்றுபோனது. சண்டை வந்தது, ஜப்பான்காரன் வந்தான். சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட ஆள் பிடித்தான். தாத்தாவையும் பிடித்துக்கொண்டு போனான். அங்கே போன தமிழர்கள் ஈசல் மாதிரி செத்தார்கள்; அவரும் திரும்பவில்லை. ஆயாவும் ஏழெட்டு வயதிலிருந்தே வேலைக்குப் போன மாரியும் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்து, பிழைத்தார்கள். நாடு சுதந்திரமடைந்த பிறகும் லயம் லயமாகவே இருந்தது. ஒருநாள் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றார்கள். மூன்று தலைமுறையாக இருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள்.

ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேட்டார்.

"அப்போ அங்கயும் நல்லா இல்லியா?" என்றார் கடைசியில். "எங்கம்மா நெனச்சிகினு இருந்துச்சு, நீங்கல்லாம் பங்களால கீறீங்கன்னு."

"பங்களா துரைக்குத்தான்."

"எல்லாருமா திரும்பியிருக்கலாமே அன்னைக்கு. பொண்ண உட்டுட்டு ஏன் ஏறணும்?"

இந்தக் கேள்விக்குத்தான் பரமேஸ்வரி இவ்வளவு தூரம் பயந்துகொண்டே வந்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. "திரும்பியிருக்கலாம். யாரும் கட்டி ஏத்தல. அப்பா எங்கிட்ட ஒரே ஒரு தடவ சொல்லியிருக்காரு. திரும்பினா எங்க போறது, பண்ணைக்குத்தான போகணும்னு தாத்தா சொன்னாராம். ரெண்டு புள்ளையும் பண்ணையில கெடக்கறதுக்கு ஒண்ணாச்சும் தப்பிக்கட்டும்னு."

ஏழுமலை தலையை ஆட்டினார். "சர்தான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் சர்தான்னு சொல்றேன். எங்கம்மா கேட்டா சர்தான்னு சொல்லாது" என்றார்.

பரமேஸ்வரி அப்போதுதான் அழுதார். ஏழுமலை டீ டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "குடி. ஆறிப்போச்சு. நீ எனக்கு மொறப்பொண்ணு, தெரியுமா? காலாகாலத்துல வந்திருந்தா கட்டிகினு இருப்பேன்." நித்யா "அப்பா!" என்றாள். அழுகையோடு பரமேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அன்று முழுவதும் நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அத்தையைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் பரமேஸ்வரி. பூ வாங்கி வந்திருந்தார். ஏழுமலை தயங்கினார். "தொறக்க மாட்டானுங்க" என்றார். புரியாமலேயே அவரோடு நடந்தோம். தெருக்கோடியில் வயல் இருந்த இடத்தில் ஒரு கிடங்கு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்த மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம்தான் அது என்றும், எப்படியோ கைமாறிக் கைமாறிப் போய்விட்டது என்றும் ஏழுமலை சொன்னார். நான் அதைச் சரிபார்க்கவில்லை. மதில் மட்டும் கண்ணெதிரே நின்றது. சுடுகாட்டுக்குப் போகும் பாதை அந்த மதிலுக்கு உள்ளே அகப்பட்டுவிட்டது. பெரிய இரும்பு கேட். காவலுக்கு ஒடிசாக்காரர் ஒருவர், நாற்பது வயது இருக்கும், உடைந்த தமிழில் பேசினார்.

"பாடி வந்தா கேட் ஓப்பன். பாடி இல்ல, ஓப்பன் இல்ல. ஆர்டர்."

கெஞ்சினோம். மலேசியாவிலிருந்து வந்திருக்கிறார் என்றேன். அவர் யாருக்கோ போன் செய்து பேசிவிட்டுக் கையை விரித்தார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. கேட்டின் கம்பிகள் வழியே பார்த்தால் உள்ளே ஒரு ஓரத்தில் தகரக் கொட்டகைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் ஒரு வாளி, ஒரு கொடிக்கயிறு. சரக்கு ஏற்றுகிறவர்கள் தங்குமிடம்.

"லயம்" என்றார் பரமேஸ்வரி. காவலரிடம் திரும்பி, "குடும்பம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"ஊர்ல அம்மா. பொண்ணு இருக்கு."

"எத்தன வயசு?"

"பத்து."

பூவை மதில் ஓரமாக வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

கிளம்பும்போது நித்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நான் எழுதுகிறவள் என்று பரமேஸ்வரி சொல்லியிருக்கிறார். "அக்கா, ஊர் பேரு போடாதீங்க. என் போட்டோவும் போடாதீங்க. ஆபீஸ்ல பூந்தமல்லின்னுதான் சொல்லியிருக்கேன். பசங்க நல்லாதான் பேசறாங்க. அப்படியே இருக்கட்டுமே." நித்யா என்பது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. கருத்துப் பெட்டியில் ஊர்ப் பெயரை ஊகித்து எழுதுபவர்களின் கருத்தை நீக்கிவிடுவேன்.

இதேபோல் வேர் தேடி வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மலேசியா, தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ் என்று எங்கிருந்து வந்தாலும் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஆவடியில் முகாமைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பார்க்க எதுவும் இல்லை. மதியச் சாப்பாட்டைப் பூந்தமல்லியிலேயே முடித்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை உணவகங்கள்தான். ஏரிக்கரை மேல் எங்களை அன்று ஏற விடவில்லை. பெற்றோர் சொல்லாமல் விட்ட விஷயங்களை ஊர் முதல் கேள்வியிலேயே கேட்கும்; தயாராக வாருங்கள். உறவுகள் கிடைத்தால் அவர்கள் மகிழ்ந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. போனவர்களுக்கு ஒரு கதை இருக்கிறது, விடப்பட்டவர்களுக்கு வேறொரு கதை இருக்கிறது. இரண்டையும் எழுதியவன் மூன்றாவது ஆள். அவன் நிம்மதியாகக் கிளம்பிப் போய்விட்டான்; நாம் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பதிவை இத்தோடு முடித்து வைத்திருந்தேன். வெளியிடுவதற்குள் ஒரு காலை ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. பரமேஸ்வரி ஊர் திரும்பி ஒரு மாதம் இருக்கும்.

"எங்க தெருவுல ஒருத்தரு தவறிட்டாரு. மத்தியானம் எடுக்குறோம். கேட்ட தொறப்பானுங்க. பரமேஸ்வரிய வரச் சொல்றியா?"

மலேசியாவிலிருந்து மத்தியானத்துக்குள் எப்படி வர முடியும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நீ வா. போன்ல காட்டு" என்றார். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். இறந்தவர் யாரென்றே தெரியாமல் அவருடைய ஊர்வலத்தின் கடைசியில் நடந்தேன். கேட் திறந்தது. சரக்கு லாரிகள் ஒதுங்கி நின்றன. தகரக் கொட்டகைக்காரர்கள் வெளியே வந்து நெஞ்சில் கை வைத்து நின்றார்கள். சுடுகாடு எங்கள் அடுக்ககத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தின் அளவுகூட இல்லை. சுற்றிலும் வேலிக்காத்தான் முள்.

மண் தள்ளி முடித்ததும் ஏழுமலை என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப் போனார். வீடியோவில் பரமேஸ்வரியைக் கூப்பிட்டேன். அவர் முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எந்த எடம்?" என்றார்.

"இங்கதான்." ஏழுமலை காலால் காட்டினார். பிறகு சுற்றிப் பார்த்தார். "இல்ல, அந்த முள்ளு கீதே, அதுக்கு அந்தாண்ட. பொதைக்கும்போது முள்ளு இல்ல. சரியா சொல்ல முடியல."

நான் போனை முள்ளின் பக்கம் திருப்பினேன். திரையில் பரமேஸ்வரி கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஏழுமலை போனுக்கு அருகில் குனிந்தார்.

"மாமாவ எங்க பொதச்சீங்க? நல்ல எடமா?"

"தோட்டத்துலதான். தோட்டத்த வித்தப்ப அதையும் சேத்து வித்துட்டாங்க. இப்ப அது மேல வரிசையா வீடு நிக்குது."

ஏழுமலை நிமிர்ந்தார். பின்னால் காவலர் விசில் ஊதினார். லாரிகள் காத்திருந்தன, கூட்டம் வெளியேறத் தொடங்கியது.

"மூடப் போறானுங்க" என்றார் ஏழுமலை போனைப் பார்த்து. "வெச்சிடறேன். உடம்பப் பாத்துக்க."

நாங்கள் வெளியே வந்ததும் கேட்டை இழுத்து மூடினார்கள்.